ஏழாம் பத்தி

ஜூன் 3, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து இன்று நீதிமன்றம் திறந்தது. மாற்றலாகிப் போனவருடைய இடத்துக்குப் புது நீதிபதி வந்துவிட்டார். நாற்பது வயது தாண்டியிருக்காது. பேசினால் முன்வரிசைக்கே முழுதாகக் கேட்காது. ஆனால் வந்த முதல் நாளே வழக்கறிஞர் சங்கத்துப் பலகையில் ஒரு தாளை ஒட்ட வைத்துவிட்டார். மேலப்பேட்டைக் குடும்ப நீதிமன்றத்தில் இனி மனு எல்லாம் இணையத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் வாய்தா கிடையாது. கணவனும் மனைவியும் தங்கள் விஷயத்தைத் தாங்களே எழுந்து சொல்ல வேண்டும். வழக்கறிஞர்கள் பின்னால் உட்காரலாம். அனுமதி கேட்டு, அது கிடைத்த பிறகே வாய் திறக்கலாம்.

சங்கத்தில் ஒரே கூச்சல். புறக்கணிப்பு என்கிறார் ஒருவர், உயர் நீதிமன்றம் போவோம் என்கிறார் இன்னொருவர். இதில் கூச்சல் போட ஒன்றும் இல்லை. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது யாருக்கும் உரிமை அல்ல என்று சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு சொல்கிறது. நான் அங்கி போட்ட நாளிலிருந்தே சொல்கிறது. நாங்கள் வக்காலத்தோடு ஓர் அனுமதி மனுவையும் சேர்த்துக் குத்திக் கொடுப்போம், அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிப்பார்கள். இந்த மனிதர் அந்தப் பிரிவைப் படித்துத் தொலைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அருமைநாயகம் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் எனக்கு நேர் எதிர்த்தரப்பு, கேண்டீனில் பக்கத்து நாற்காலி. "அக்கா, நம்ம வாயைக் கட்டிப் போட்டுட்டாங்களே" என்றார். இந்த ஆவுடையம்மாள் வாயைக் கட்ட இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும் என்று சொன்னேன். நான் பேசாவிட்டால் என்ன? நான் சொல்லிக் கொடுத்ததைக் கட்சிக்காரர் பேசிவிட்டுப் போகிறார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து இவருக்கு நான்தான் செய்தித்தாள். "அப்படியா" என்றார்.

ஜூன் 5, புதன்

புதுக் கட்சிக்காரி ஒருத்தி. மாரிச்செல்வி. நூல் மில்லில் வேலை. போன தையில்தான் சூப்பர்வைசர் ஆனாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு நேராகிறது.

புருஷன் சுடலைமணி இந்த ஊரில் பேக்கரி மாஸ்டராக இருந்தவன். வள்ளியூர்ப் பக்கம் தன் ஊரிலேயே சொந்தமாகப் பேக்கரி போட்டிருக்கிறான். வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிட்டிருக்கிறான், இவள் வரமாட்டேன் என்றிருக்கிறாள். ஒரு வருடமாக அவன் அங்கே, இவள் இங்கே. மே மாதம் லீவுக்கென்று மகளைக் கூட்டிப் போனவன் திருப்பி அனுப்பவில்லை. தர்ஷிகா, மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். அங்கேயே ஒரு பள்ளியில் சேர்க்க ஏற்பாடு நடக்கிறதாம்.

அடித்தானா என்று கேட்டேன், இல்லை என்றாள். குடிப்பானா என்று கேட்பதற்குள் போன் வந்துவிட்டது. அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"எனக்கு ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம் மேடம். எம்பிள்ள எங்கிட்ட இருந்து பள்ளிக்கூடம் போணும்."

போவாள் என்று சொன்னேன். குழந்தை விஷயத்தில் நான் எடுத்துத் தோற்ற வழக்கு கிடையாது. எழுதுவதற்குப் பெருமையாக இருந்தாலும் அது உண்மை.

ஜூன் 7, வெள்ளி

மாரிச்செல்வி மனு தயார். வேலையை விட மனசில்லை, ஊர் மாற மனசில்லை என்பதையெல்லாம் வைத்து மனு எழுதினால் எந்தக் கோர்ட் காது கொடுக்கும்? மனுவுக்கு எலும்பு வேண்டும். எங்கள் அலுவலக மாடல் மனுவில் அது இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றி, குமாஸ்தா சங்கரலிங்கம் பதினோரு பத்தியில் அழகாக அடித்துக் கொடுத்துவிட்டார்.

அவள் மில் சீருடையோடு ஓடி வந்தாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சங்கரலிங்கம் ஒவ்வொரு பக்கமாகத் திருப்ப, காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் கூத்து. மனுவை ஸ்கேன் செய்து ஏற்றினால் கோப்பு பெரியது என்று இணையம் திருப்பி அனுப்புகிறது. சின்னதாக்கினால் எழுத்து தெரியவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. சங்கரலிங்கம் நல்ல நேரம் பார்த்து ஏற்றலாமா என்று கேட்டார். ராகு காலத்தில் ஏறியது.

ஜூன் 10, திங்கள்

பள்ளிகள் திறந்தன. மாரிச்செல்வி போன் செய்தாள். பிள்ளை அங்கே புதுச் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாளாம், பக்கத்து வீட்டுக்காரர் படம் அனுப்பினாராம். "சட்டை பெருசா இருக்கு மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 14, வெள்ளி

மிக்ஸி ரிப்பேர். கோட்டு இரண்டையும் சலவைக்குப் போட்டேன். சுடலைமணிக்கு அருமைநாயகம் ஆஜராகிறார். நல்லது, அவர் அடுத்து என்ன செய்வார் என்று அவருக்கு முன்னால் எனக்குத் தெரியும். பதில் மனுவும் வந்துவிட்டது. மாரிச்செல்வி நடத்தை சரியில்லாதவள் என்று ஒன்பதாம் பத்தியில் எழுதியிருக்கிறார். அது அவர் அலுவலக மாடல். எனக்கு மனப்பாடம்.

ஜூன் 19, புதன்

நாளை விசாரணை. மாரிச்செல்வியை அலுவலகத்தில் நிற்க வைத்துப் பழக்கினேன். நான் நீதிபதி, சங்கரலிங்கம் பேர் கூப்பிடும் டவாலி.

"மனுதாரர் என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்றேன். வணக்கம் ஐயா என்றாள். அதற்குப் பிறகு சுவரைப் பார்த்தாள். மறுபடி கேட்டேன். பிள்ளைக்கு மோர் ஊற்றினால் சளி பிடிக்கும், அங்கே மாமியார் தினமும் மோர்தான் ஊற்றுவார் என்று ஆரம்பித்தாள். மோரை வைத்துத் தீர்ப்பு வாங்க முடியாது என்று சொன்னேன். புருஷனை 'மேற்படி எதிர்மனுதாரர்' என்று சொல்லணுமா என்று கேட்டாள். சங்கரலிங்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொன்னால் போதும். மீதியை மனு பேசும்.

ஜூன் 20, வியாழன்

விசாரணை. வாய்தா ஜூலை நான்கு. கோர்ட்டில் மின்விசிறி ஓடவில்லை. மதியம் தயிர்சாதம்.

ஜூன் 21, வெள்ளி

மாங்காய் வாங்கி ஊறுகாய் போட்டேன். கடைக்காரன் கிளிமூக்கு என்று சொல்லி வேறு எதையோ தலையில் கட்டிவிட்டான், வெட்டினால் நார். திரும்பப் போய் அவனைக் கிழித்துவிட்டு வந்தேன். மிக்ஸிக்காரன் ரிப்பேர் செய்த லட்சணம், உப்பைப் போட்டதும் நின்றுவிட்டது. அவனுக்கும் போனில் கொடுத்தேன். சங்கரலிங்கம் பழைய வழக்குக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார், ஏன் இவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். பாவம், பஞ்சுபோல வைத்தார்.

இவர் சாப்பிடும்போது, நேற்றுக் கோர்ட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார். வருடக்கணக்கில் கேட்காத மனிதர். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் அருமைநாயகம் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். "அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லும்னு நானே நினைக்கலக்கா" என்றார். ஊர் முழுக்கத் தெரிந்ததை இந்த நோட்டில் எழுதாமல் இருப்பதால் என்ன லாபம்? எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமை நீதிபதி இரண்டு பேரையும் முன்னால் அழைத்து ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். நானும் அருமைநாயகமும் பின்னால். மாரிச்செல்வி நான் கொடுத்த நாலு வரியில் இரண்டைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, மனுவின் நகலை அவள் கையில் கொடுத்தார். ஏழாம் பத்தியை நீங்களே வாசியுங்கள் என்றார்.

அவள் பத்தாவது வரை படித்தவள். நன்றாகத்தான் வாசித்தாள். எதிர்மனுதாரர் திருமணமான நாள் முதலே குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி, நாள்தோறும் போதையில் வந்து மனுதாரரை அடித்துத் துன்புறுத்தி என்பது வரை வந்து நின்றுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது இல்லைங்கய்யா. அவுக குடிக்க மாட்டாக."

யாரோ சிரித்தார்கள். அடித்தாரா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றாள். கையெழுத்து உங்களுடையதுதானே, பிறகு இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார்.

மாரிச்செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மடியில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சொன்னேன்யா. கோவத்துல பொய் சொல்லிட்டேன்."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். வாய்தா போட்டார்.

அனுமதி இல்லாமல் வழக்கறிஞர் பேசக்கூடாது என்பது அவர் போட்ட விதி. அந்த விதிப்படி நான் உட்கார்ந்திருந்தேன். இதில் என் பக்கம் எந்தத் தவறும் இல்லை.

ஜூன் 26, புதன்

அருமைநாயகம் ஒரு மெமோ தாக்கல் செய்திருக்கிறார். மனுதாரர் சத்தியம் செய்து பொய் சொன்னதை நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார், அப்படிப்பட்டவரிடம் குழந்தையை வளர விடக்கூடாது, மனுவைத் தள்ளுபடி செய்து குழந்தை தந்தையிடமே இருக்க உத்தரவிட வேண்டும் என்று இருக்கிறது. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன். கேண்டீனில் பார்த்தேன். "தொழிலுக்கா, தப்பா நினைக்காதீங்க" என்றார். வடையைப் பாதி பிட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இதற்கு வழி இல்லாமலா போகும்? திருத்த மனு ஒன்று போட்டு, வேறு வழக்கின் பத்தி தட்டச்சுப் பிழையால் இதில் சேர்ந்துவிட்டது என்று குமாஸ்தாவின் பிரமாணத்தையும் இணைத்தால் முடிந்தது. சங்கரலிங்கத்திடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "எம்பேரப் போட்டுக்கிடுங்க மேடம், என்ன வந்துரப் போகுது" என்று சொல்லிவிட்டு அடிக்க உட்கார்ந்தார்.

அடித்து முடித்து வைத்துவிட்டுப் போனார். நான் இன்னும் தாக்கல் செய்யவில்லை. இணையம் மெதுவாக இருந்தது.

ஜூன் 28, வெள்ளி

இணையம் இன்றும் மெதுவாக இருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

மாரிச்செல்வி வீட்டுக்கே வந்துவிட்டாள். மெமோ நகல் அவளுக்கும் போயிருக்கிறது. வாசித்திருக்கிறாள். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் வாசிக்கிறாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முந்தாநாள் வள்ளியூருக்குப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாளாம். கூட்டிப் போக வந்த மாமியார் தடுக்கவில்லையாம். பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொண்டு, அம்மா, நீ பொய் சொன்னாயாமே என்று கேட்டிருக்கிறது. அங்கே யாரோ பேசியது அதன் காதில் விழுந்திருக்கிறது. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அவளையே கேட்டேன்: அன்றைக்கு உன்னை யார் அப்படிச் சொல்லச் சொன்னது? எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானே?

"தெரியாதுன்னா ஒங்களத்தான மேடம் கேப்பாரு. இந்த வக்கீலம்மா எழுதுறது எல்லாமே பொய்யின்னு அந்த ஐயா நினைச்சுட்டா, அப்புறம் எம்பிள்ளைக்காக நீங்க பேசுனாலும் நம்ப மாட்டாருல்லா. எனக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா?"

இவர் உள்ளேயிருந்து ஒரு தம்ளரில் மோர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு இவர் வாசலைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பிள்ள ஒனக்கு வக்கீலா வந்திருக்கு" என்றார். இந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்தபோது நிம்மதியாக இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

திருத்த மனுவைக் கிழித்துப் போட்டேன். சங்கரலிங்கம் பார்த்துவிட்டுக் குப்பைக்கூடையை நகர்த்தி வைத்தார். மிக்ஸி சரியாகிவிட்டது.

ஜூலை 4, வியாழன்

எங்கள் வழக்கு மூன்றாவதாக வந்தது. முதலில் சுடலைமணியை எழுந்து பேசச் சொன்னார்கள். அவன் அருமைநாயகம் எழுதிக் கொடுத்ததைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசித்தான். பொய்ச் சத்தியம் செய்தவர் பிள்ளையை வளர்க்கத் தகுதியற்றவர். நல்ல உயரம், பெரிய கை. அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி மாரிச்செல்வியைக் கேட்டார். அவள் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"ஐயா, பேச அனுமதி வேண்டும்."

எதைப் பற்றி என்று கேட்டார். ஏழாம் பத்தியைப் பற்றி என்றேன். மனுவைப் புரட்டி அந்தப் பத்தியை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு சொல்லுங்கள் என்றார். எத்தனையோ நீதிபதிகள் முன்னால் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். இன்று பேசியது ஐந்தே வரி.

"அந்தப் பத்தி என்னுடையது ஐயா. இவர் சொன்னது இல்லை. இவருக்கு அதை வாசித்துக் காட்டவும் இல்லை. என் அலுவலக மாடலில் இருப்பதை இவர் பெயரில் போட்டுத் தாக்கல் செய்தது நான். அன்றைக்கு இவர் தான் சொன்னதாக ஒப்புக்கொண்டது என்னைக் காப்பாற்றுவதற்காக."

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். இதைப் பிரமாணமாக எழுதித் தருவீர்களா என்று கேட்டார். இன்றைக்கே தருகிறேன் என்றேன். பொய் வாக்குமூலம் என்ற குற்றச்சாட்டை மனுதாரர் மேல் வைக்க முகாந்திரம் இல்லை என்றும், என்னைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றும் பதிவு செய்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அதை இங்கே எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

அதோடு விடவில்லை அந்த மனிதர். பதில் மனுவை எடுத்து, சுடலைமணியிடம் கொடுத்து, ஒன்பதாம் பத்தியை வாசிக்கச் சொன்னார். அவன் மனசுக்குள் வாசித்தான். காது மடல் வரை சிவந்துவிட்டது.

"நான் இப்படிச் சொல்லலைங்கய்யா. அவ அப்படிப்பட்டவ இல்ல."

பின்னால் அருமைநாயகம் எழுந்து நின்றார். அனுமதியும் கேட்கவில்லை, பேசவும் இல்லை. சும்மா நின்றார். நீதிபதி அவரையும் உட்காரச் சொன்னார். எங்கள் இருவருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டு பத்தியையும் நீக்க உத்தரவு. பிறகு அவர்கள் இரண்டு பேரையும் ஆலோசகர் அறைக்கு அனுப்பினார். வக்கீல்கள் வேண்டாம் என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே வந்தார்கள். சேர்ந்து வாழ்வதாக இல்லை, பிரிவதாகவும் இல்லை. அந்தப் பேச்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வார்களாம். பிள்ளை மேலப்பேட்டையில் அம்மாவிடம் இருந்து படிக்கட்டும், வாரக் கடைசி அப்பாவிடம் என்று பேசி முடித்திருந்தார்கள். கூட்டு மெமோ தாக்கல் செய்ய அடுத்த வியாழன்.

சாயங்காலம் என் பிரமாணத்தை நானே அடித்து, நானே வாசித்து, நானே கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

சங்கத்தில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. தொழிலைக் காட்டிக் கொடுத்துவிட்டேனாம். மீதிப் பாதியில் சிலர் தனித்தனியாக வந்து, இனி மனுவில் என்ன எழுதுவது என்று கிசுகிசுக்கிறார்கள். பார் கவுன்சிலுக்குப் புகார் போகும் என்று ஒரு தம்பி அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனான். போகட்டும். போனால் அங்கேயும் நான்தான் பேசப் போகிறேன், அனுமதி கேட்டு.

சங்கரலிங்கம் மாடலில் ஏழாம் பத்தியை அழித்துவிட்டார். அந்த இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். வருகிறவர்களைக் கேட்டு எழுதுவோம் என்று சொன்னேன். அப்படியென்றால் ஒரு மனுவுக்கு ஒரு நாள் ஆகுமே என்றார். ஆகும்.

ஜூலை 11, வியாழன்

சுடலைமணி மகளோடு காலைப் பேருந்திலேயே வந்துவிட்டான். ஒரு கையில் அவள் பை, மறு கையில் கயிறு கட்டிய அட்டைப் பெட்டி. பெட்டி நிறைய தேங்காய் பன். டவாலிக்கு ஒன்று, சங்கரலிங்கத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அருமைநாயகம் இரண்டு எடுத்துக்கொண்டார்.

தர்ஷிகா அம்மாவைக் கண்டதும் ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாரிச்செல்வி குனிந்து முதலில் தலையைப் பிரித்துப் பேன் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அவன் தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

கூட்டு மெமோவை நேற்றே அருமைநாயகமும் நானும் பேசித் தயார் செய்திருந்தோம். சுருக்கமாக ஐந்து பத்தி. வராந்தா பெஞ்சில் வைத்து மாரிச்செல்விக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக் கேட்டாள். பேனாவை நீட்டினேன்.

"குடுங்க மேடம், நானும் ஒருக்கா வாசிச்சுக்கிடுதேன்."

வழக்கு கூப்பிடப் போகிறார்கள் என்று சொன்னேன். சரி மேடம் என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல உதட்டை அசைத்து வாசித்தாள். தர்ஷிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதான் ஜட்ஜா?"

இல்லை, உங்கள் அம்மாவுடைய வக்கீல் என்றேன்.

"எங்கம்மாவே பேசுவாளே" என்று சொல்லிவிட்டு பன்னைக் கடித்தாள்.

மாரிச்செல்வியின் விரல் நாலாம் பத்தியில் நின்றது. வெள்ளிக்கிழமை மாலை தந்தை குழந்தையை அழைத்துச் சென்று, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தாயிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும். இதில் என்ன என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரந்தான் மேடம் பேக்கரில கூட்டம். அந்நேரம் கடையப் போட்டுட்டு பஸ் ஏறணும்னா அவுகளுக்கு யாவாரமே போயிரும். திங்கக்கெழம காலைல நேரா பள்ளிக்கூடத்துல கொண்டாந்து விடட்டும். அப்படி மாத்துங்க."

அவளைத் தள்ளி அழைத்துப் போய்க் காதோடு சொன்னேன். அவனும் கேட்கவில்லை, அவன் வக்கீலும் கேட்கவில்லை. ஒரு ராத்திரியை எழுத்தில் கொடுத்துவிட்டால் பிறகு திரும்ப வாங்குவது கஷ்டம். வக்கீல் என்ற முறையில் இதைச் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

"அவுக கேக்க மாட்டாக மேடம். அதான் நான் சொல்லுதேன்."

நாலாம் பத்தியை அடித்துவிட்டு, அவள் சொல்லச் சொல்ல ஓரத்தில் கையால் எழுதினேன். எழுதியதை வாங்கி மறுபடி வாசித்தாள். கையெழுத்துப் போட்டாள். தாளை எடுத்துக்கொண்டு அவளே தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். அருமைநாயகம் பேனாவைத் திறந்து, தன் கட்சிக்காரனுக்கு எங்கே போடுவது என்று காட்டப் போனார். அவள் தாளை அவரிடம் கொடுக்காமல் நேரே புருஷன் கையில் கொடுத்தாள்.

"வாசிச்சுட்டுப் போடுங்க."

அவன் வாசித்தான். எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். டவாலி வாசலில் வந்து நின்று கையை அசைத்தார். நான் இருங்கள் என்று சைகை காட்டினேன். நாலாம் பத்தி ஓரத்துக்கு வந்ததும் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் மகளின் வாயோரத்தில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி குனிந்து, மீதியையும் கடைசி வரி வரை வாசித்துவிட்டு, பேனாவுக்குக் கை நீட்டினான்.